அம்மாவுக்குப் பிடிக்காத நிறங்கள்

எங்கள் வீட்டுச் சுவருக்கு நிறம் அடிக்க வேண்டும் என்ற ஆசை அப்பாவுக்குத் தானாக வரவில்லை. பெரியப்பாவால் வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலையை ஒட்டி எங்கள் ஊர். அதே சாலையில் ஒரு கல் தொலைவு முன்னதாகப் பெரியப்பாவின் ஊர். பாகம் பிரித்துக்கொண்டு போன பிறகும் அண்ணனும் தம்பியும் சந்திக்காத வாரம் கிடையாது. சந்தித்தால் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல் பிரிந்ததும் கிடையாது.

அந்த ஆண்டு தீபாவளிக்குப் பெரியப்பா தன் வீட்டு முன்சுவருக்கு ரோசாப்பூ நிறம் அடித்துவிட்டார். அதுவரை எங்கள் பக்கத்தில் வீடு என்றால் வெள்ளைதான். கொஞ்சம் வசதி இருந்தால் அடியில் ஒரு முழத்துக்குக் காவி. முழுச் சுவரும் ரோசாப்பூவாக நிற்பதை யாரும் பார்த்ததில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "மாட்டு நாக்காட்ட இருக்குது" என்றார். சொல்லிவிட்டு அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அதே சமயத்தில் அக்காவுக்கு ஈரோட்டுப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தை பிறந்து பத்தாம் நாள் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அவர்கள் வருகிற வழியில் பெரியப்பாவின் வீட்டைத் தாண்டாமல் எங்கள் வீட்டுக்கு வர முடியாது. ரோசாப்பூவைப் பார்த்த கண்ணோடு நேராக வந்து எங்கள் வெள்ளைச் சுவரைப் பார்ப்பார்கள். இந்த நினைப்பு அப்பாவைத் தூங்கவிடவில்லை. மார்கழி பிறப்பதற்குள் நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்துவிட வேண்டும் என்று நாலு திசைக்கும் சொல்லி அனுப்பினார். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தி நடந்தது இது. எனக்கு ஒன்பது வயது.

முதலில் வந்தவர் சங்ககிரிக்காரர். கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் குடையோடு வந்தார். எந்தத் துரையோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஒரு காகிதத்தை மடிப்புப் பிரித்துக் காட்டினார். அப்பா அதை மரியாதையோடு வாங்கிப் பார்த்துவிட்டு அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். அது இங்கிலீஷில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த மேஸ்திரி செய்த தவறு, குடைக் காம்பால் எங்கள் சுவரை மூன்று இடத்தில் தட்டிப் பார்த்ததுதான்.

"சுவரு கோணலுங்க. முன்பக்கத்தை இடிச்சுக் கட்டிப்போட்டுத்தான் கலரு அடிக்கோணும்."

அந்தச் சுவரைக் கட்டும்போது ஒவ்வொரு செங்கல்லுக்கும் கூடவே நின்றவர் அப்பா. "மோரு குடிச்சுட்டுப் போங்க" என்றார். வேலை இல்லை என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் வார்த்தை.

இரண்டாவதாக வந்தவர் கெங்கவல்லிப் பக்கத்து ஆள். ஒல்லியாக, உயரமாக, ஏணியைப் போலவே இருந்தார். கோட்டும் இல்லை, காகிதமும் இல்லை. தோளில் ஒரு கோணிப்பை. அதை வாசலில் கவிழ்த்தார். உடைந்த ஓட்டுச் சில்லுகள் கலகலவென்று விழுந்தன. ஒவ்வொரு சில்லிலும் ஒவ்வொரு நிறம் பூசிக் காய வைத்திருந்தார். அவற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் தொட்டுப் பேர் சொன்னார். மஞ்சள், பச்சை என்று மொட்டையாகச் சொல்லவில்லை. "இது கடலைப்பூ. இது மாந்தளிரு. இது கிளிச்சிறகு. இது கத்திரிப்பூ. இது வெங்காயச் சருகு." தன் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். எங்கள் அப்பா தரையில் உட்கார்ந்து யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை.

"எங்கண்ணன் ஊட்டு ரோசாப்பூவைத் தூக்கி அடிக்கறாப்பல ஒண்ணு சொல்லு."

"கடலைப்பூ அடிச்சா, வூடு அரைக் கல் தூரத்துக்குப் பளிச்சுன்னு தெரியுமுங்க."

அதோடு முடிந்தது. நாள் கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, தங்கிக்கொள்ள மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் இருந்த சாளைக் குடிசை. பத்து நாளில் வேலையை முடித்துவிடுவதாகப் பேச்சு. அப்பா உள்ளே திரும்பி, கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம், "கடலைப்பூ மஞ்சள். என்ன சொல்ற?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் புடிச்சாச் சரிங்க. எனக்கு என்ன தெரியுது" என்றாள் அம்மா. நிலம் வாங்கியபோதும், காளை வாங்கியபோதும், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அம்மா இதையேதான் சொன்னாள்.

மார்கழி நாலாம் தேதி போல மேஸ்திரி வேலைக்கு வந்தார். இரண்டு சுண்ணாம்பு மூட்டை, ஏணி, நிறம் அடிக்கிற மட்டைகள், சாயப் பொடி டப்பாக்கள், அவருடைய மனைவி எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கின. அந்த அம்மாள் வயிறும் பிள்ளையுமாக இருந்தாள். சின்னப் பெண், அக்காவை விட இரண்டு வயது மூத்திருந்தால் அதிகம். வண்டியிலிருந்து இறங்கியதும் மூட்டையில் கைவைத்தாள். அடுப்படியிலிருந்து அம்மா வாசலுக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தன மாசம் கண்ணு?"

"ஒம்போது பொறந்துருச்சுங்கம்மா."

"உன்ற அம்மா?"

"இல்லீங்கம்மா."

அம்மா மேஸ்திரியிடம் திரும்பினாள். இங்கே வேலை முடிந்ததும் எங்கே போவதாக உத்தேசம் என்று கேட்டாள். ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்திரத்துக்கு வெள்ளையடிக்க ஒத்துக்கொண்டிருப்பதாகவும், மாட்டு வண்டியில் மூன்று நாள் வழி என்றும் அவர் சொன்னார். பிள்ளை பிறக்கிற வரையில் சாளையிலேயே இருந்துவிடுங்கள், இரண்டு பேருக்குச் சோறு போடுவது எங்களுக்குப் பெரிதில்லை என்றாள் அம்மா. மேஸ்திரி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் குரலில் பணிவு இல்லை.

"வேலை நடக்கிற வூட்ல சாப்புடறது கூலிங்கம்மா. வேலை முடிஞ்ச வூட்ல சாப்புட்டா அது பிச்சைங்க. சுவரு காஞ்ச அன்னிக்கே நாங்க கெளம்பிடுவோம்."

அம்மா, "பத்து நாளுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பொங்கலுக்குள் வேலை முடிந்துவிடுமா என்று கணக்குப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் எனக்குத் திருவிழாவாக இருந்தது. சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது அடுப்பே இல்லாமல் கொதித்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். புதுச் சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டினார்கள். மேஸ்திரியின் மனைவி அதைக்கூட உட்கார்ந்துகொண்டுதான் செய்ய வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டுவிட்டாள். நாலாம் நாள் முன்சுவர் முழுக்கக் கடலைப்பூ மஞ்சள் ஏறியது. நான் என் சிலேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதன் மரச்சட்டத்துக்கும் அதே மஞ்சளைப் பூசி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் சுவர் காய்ந்து, வெயில் பட்டு, மேஸ்திரி சொன்னபடியே அரைக் கல் தூரத்துக்குப் பளிச்சிட்டது. அப்பா சாலை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி நின்று பார்த்தார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலில் இறங்கி, சுவரை மேலிருந்து கீழே வரை பார்த்தாள்.

"கண்ணு கூசுதுங்க" என்றாள்.

"என்னது?"

"கண்ணு கூசுதுங்க. வேற பாக்கச் சொல்லுங்க."

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது ஆச்சரியம்தான். பதினெட்டு வருடமாக ஒன்றுமே சொல்லாத பெண்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள், போகட்டும் என்று விட்டுவிட்டார். மேல் வெள்ளை ஒரு நாள், மாந்தளிர் ஒரு நாள், மார்கழிப் பனியில் அது காய ஒரு நாள். மாந்தளிர் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "பழைய சோத்துப் பானையாட்ட இருக்குதுங்க" என்றாள். கிளிச்சிறகுப் பச்சை வந்தது. "குட்டையில பாசி புடிச்சாப்பல இருக்குதுங்க" என்றாள்.

அப்புறம் கத்திரிப்பூ. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மாவுக்கும் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கொட்டத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் வேண்டாமுங்க" என்றாள். காரணம்கூடச் சொல்லவில்லை.

அப்பா வெடித்துவிட்டார். "நெலம் வாங்கறப்பக் கேட்டேன், ஒண்ணுஞ் சொல்லுல. பெத்த புள்ளையக் கட்டிக் குடுக்கறதுக்குக் கேட்டேன், ஒண்ணுஞ் சொல்லுல. இந்தப் பாழாப்போன சுவத்துலதானா உனக்கு நாக்கு முளைக்கோணும்?"

"ஒறம்பரை சனம் வார ஊடுங்க. நாலு பேரு பாக்கறது. பாத்துத்தான் செய்யோணும்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள். அது அப்பாவே ஐப்பசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பேச்சு. 

மேஸ்திரியின் பாடுதான் பாவம். அவர் வேலையில் கெட்டிக்காரர். அதுவரையில் அவர் அடித்த நிறத்தை யாரும் வேண்டாம் என்றதில்லையாம். விடியற்காலையில் எழுந்து சுவருக்கு எதிரே உட்கார்ந்து, நாடி பார்க்கிற வைத்தியரைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாயத்தில் கலக்கிற வச்சிரப் பசையைக் கூட்டினார், குறைத்தார். மழைமேகம் என்று ஒன்று, வெங்காயச் சருகு என்று ஒன்று. சுவர்மேல் சுண்ணாம்பு ஏறி ஏறி, சன்னல் சட்டம் உள்ளே போனதுபோல் ஆகிவிட்டது.

இதற்குள் ஊருக்கு நாங்கள் ஒரு வேடிக்கையாகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் நான் உள்ளே நுழையும்போதே, "இன்னைக்கு என்ன கலரு?" என்று கேட்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சேதி சொல்ல ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். வழியில் யாரோ "பச்சை ஊடு" என்று அவனுக்கு அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். அவன் வந்த அன்று எங்கள் வீடு கத்திரிப்பூ. பச்சை வீட்டைத் தேடி ஊரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் விசாரித்து வந்து சேர்ந்தான். வந்தவன் சுவரையும், அதன்மேல் வெள்ளையடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியையும், எங்கள் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் பெரியப்பா வழியாக ஒரு பேச்சு வந்தது. பெண் வீட்டில் யாருக்கோ புத்தி சுவாதீனம் இல்லையாமே, அது பெண்ணுக்கா, பெண்ணைப் பெற்றவர்களுக்கா என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டாளாம்.

அன்றைக்கு அக்கா அழுதாள். நான் முதல்முறையாகப் பயந்தேன். அம்மா மட்டும் அசையவில்லை. மேஸ்திரியின் மனைவிக்கு என்று தனியாகச் சுக்குத் தட்டிப்போட்டு ஏதோ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

மார்கழி இருபத்தைந்தாம் தேதி வாக்கில் மேஸ்திரி புதிதாக ஒரு நிறம் அடித்தார். அதன் பெயர் மாம்பழச்சாறு என்றார். மறுநாள் அம்மா பார்த்தாள். "ரொம்ப மங்கலா இருக்குதுங்க" என்றாள். எனக்கு அந்த நிறத்தில் ஒரு சந்தேகம். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவள் சிலேட்டோடு சுவரிடம் போனேன். மஞ்சள் சட்டத்தைச் சுவரோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். சட்டம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அது மாம்பழச்சாறும் இல்லை, ஒன்றும் இல்லை. முதன்முதலில் அடித்த அதே கடலைப்பூ!

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். அப்பா தண்ணீர் இறைக்கிற கவலைக்கு வடம் முறுக்கிக்கொண்டிருந்தார். கையோடு இழுத்து வந்து காட்டினேன். அவர் சிலேட்டை வாங்கிச் சுவரில் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று வைத்து வைத்துப் பார்த்தார்.

"அம்மா இதைப் பாத்தாளா?"

"பாத்தாங்க. மங்கலா இருக்குதுன்னாங்க. அன்னைக்கு இதே மஞ்சளைத்தான் கண்ணு கூசுதுன்னாங்க."

அப்பாவின் மீசை நடுங்கியது. மேஸ்திரி ஏமாற்றுகிறான், அம்மா கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறாள், இரண்டும் ஒரே சிலேட்டில் ருசுவாகிவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கொட்டத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அன்றைக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாளை ஓரம் திரும்பும்போது அப்பா சட்டென்று நின்றார். நான் அவர் முதுகில் போய் முட்டிக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன். மேஸ்திரியின் மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு வாரம். மிஞ்சிப்போனாப் பத்து நாளு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுவரைக்கும் எங்க ஊட்டுச் சுவரு காயாது கண்ணு. நீ பயப்படாதே. உன்ற ஊட்டுக்காரன் காதுல மட்டும் போட்டுறாதே."

சுவர் காயாது என்பதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, பனி அப்படி. அதை எதற்கு மேஸ்திரியிடம் மறைக்க வேண்டும், ஈரச்சுவர் அவருக்குத் தெரியாதா என்றுதான் விளங்கவில்லை.  அப்பா குனிந்து, சத்தம் போடுகிற தன் தோல் செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து வந்தார். வாயைத் திறக்காதே என்று கண்ணால் மிரட்டி என்னையும் கூட்டிவந்தார்.

முன்வாசலில் மேஸ்திரி ஏணிமேல் இருந்தார். கீழே அப்பா ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் மஞ்சள் சிலேட்டும் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் அப்போதுதான் அடித்த சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. செய்த காரியம் வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்துகொண்டார். செருப்பு எதற்கு என்றும் தானாகவே ஊகித்துக்கொண்டார் போலிருக்கிறது.

அப்பா தொண்டையைச் செருமினார். "ஏப்பா மேஸ்திரி, இந்த மாம்பழச்சாறு எனக்கும் புடிக்கலை. வேற பாரு" என்றார்.

மேஸ்திரி ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஐயா..."

"அவசரமில்லை. நிதானமாப் பாரு. தை பத்து வரைக்கும் நாள் கெடக்குது."

நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, அதே மஞ்சளுன்னு பாத்தீங்கல்ல! சொல்லுங்கப்பா!" அப்பா சிலேட்டை என் கையில் திணித்து, "பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு அம்மிணி, ஓடு" என்றார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

அன்று முதல் வீட்டில் வேண்டாம் என்கிற ஆட்கள் இரண்டு பேர் ஆனார்கள். காலையில் அம்மா ஒரு நிறத்தைத் தள்ளினால் சாயங்காலம் அப்பா அதற்கு வேறொரு குற்றம் கண்டுபிடித்தார். பெரியப்பா வந்தார்; சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார். அப்பா அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சிறிது நேரம் காதோடு காதாகப் பேசினார். திரும்பி வந்த பெரியப்பா சிரிக்கவில்லை. சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து, தாடையைத் தடவி, இந்தப் பக்கத்துப் பொடி எதுவும் உதவாது, சேலம் பேட்டையில் சிமிழில் அடைத்து ஒரு பொடி வருகிறது, அதை வரவழைத்துத்தான் அடிக்க வேண்டும், தானே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். போன ஆள் நாலு நாள் கழித்துத்தான் வந்தான். அதுவரை மேஸ்திரியைச் சுவருக்கு அடிவெள்ளை போடச் சொன்னார்கள். அவர் போட்டார். மாம்பழச்சாறு செய்த மனிதர். வாயைத் திறக்க அவருக்கு வழியில்லை.

அக்காவிடம் போய் முறையிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போய்விடப் போகிறார்கள் என்றேன். முந்தின வாரம் அழுத அக்கா என் தலையில் குட்டினாள். "வாயை மூடிக்கிட்டு உன்ற சோலியப் பாரு. சொன்னாச் சொல்லீட்டுப் போறாங்க" என்றாள். கண்களில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது. அந்த வீட்டில் இன்னும் புத்தி தெளிவாக இருப்பது நான் ஒருத்திதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

பொங்கல் வந்தது, போயிற்று. தை ஐந்தாம் நாள் நடுப்பகலில் சாளைக்கு மருத்துவச்சி ஓடினாள். பின்னாலேயே அம்மாவும் அக்காவும் ஓடினார்கள். மேஸ்திரியை அப்பா ஏணியை விட்டு இறங்கவிடவில்லை. "நீ அங்கே போயி என்ன பண்ணப்போற? அடிச்சுக்கிட்டே இரு" என்றார். மேஸ்திரி ஒரே இடத்தில் மட்டையை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருந்தார். மட்டையில் சாயம் தீர்ந்துபோய் வெகுநேரமாகியும் இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏணி நடுங்கியது, மேலே இருந்தவரால் நடுங்கியதா, கீழே இருந்தவரால் நடுங்கியதா என்று சொல்ல முடியாது.

அம்மா வந்தாள். முழங்கை வரைக்கும் ஈரம். "பொட்டப்புள்ளைங்க. ரெண்டு உசுரும் நல்லாருக்குது" என்றாள்.

மேஸ்திரியின் கையிலிருந்த சட்டி நழுவியது. பாதி சுவரிலும் பாதி அப்பாவின் தலையிலுமாக விழுந்தது. அப்பா அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. "சுவரு எப்படி இருக்குது? புடிச்சிருக்குதா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா சுவரின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றாள்.

சுவரில் அப்போது பாதிக்குச் சேலத்துப் பொடி, பாதிக்கு வெள்ளை, நடுவில் ஒரு பெரிய வழிசல். இன்னும் ஐந்தே நாள். சேலத்துப் பொடியும் தீர்ந்துவிட்டது. மேஸ்திரி இருந்த சட்டிகளையெல்லாம் ஒரு தொட்டியில் கவிழ்த்தார். கடலைப்பூ, மாந்தளிர், கத்திரிப்பூ, கிளிச்சிறகு எல்லாம் ஒன்றாகக் கலந்து, எதனுடைய ஜாடையும் இல்லாமல் ஒன்று வந்தது. அதையே சுவர் முழுக்க அடித்துவிட்டார். பத்தாம் நாள் வந்த மாப்பிள்ளை வீட்டார் முதலில் பயத்தோடுதான் இறங்கினார்கள். புத்தியைப் பற்றி விசாரித்த அந்த அத்தை சுவருக்கு எதிரே நின்று வெகுநேரம் பார்த்தாள். பெரியப்பா வீட்டு ரோசாப்பூ கண்ணை உறுத்துகிறதாம். இதுதான் குளிர்ச்சியாக இருக்கிறதாம். இதற்கு என்ன பெயர், எங்கள் வீட்டுக்கும் இதையே அடித்துத் தர முடியுமா என்று மேஸ்திரியைக் கேட்டாள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அவரால் அதை மறுபடி செய்ய முடியாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரியப்பா பக்கத்திலேயே நின்றார். தன் ரோசாப்பூவைப் பற்றிச் சொன்னதைக் கேட்டும் ஆமாம் என்று தலையாட்டினார்.

வேலை முடிந்தது, இனி அவர்கள் போய்விடுவார்கள் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலையில் அம்மா மாட்டுக் கொட்டத்துக்கும் நிறம் அடிக்க வேண்டும் என்றாள். சத்திரம் காத்திருக்கும் என்று மேஸ்திரி இழுத்ததற்கு, "சத்திரம் என்ன ஓடியா போயிரும்?" என்று கேட்டார் அப்பா. கொட்டம் முடிந்ததும் கிணற்று மேடு. அதற்குப் பிறகு ஆட்டுப்பட்டியின் அடிச்சுவர். எங்கள் ஆடுகள் நீலச் சுவருக்குள் இருந்த ஒரே ஆடுகள். பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆகி, கழுத்து கொஞ்சம் நிற்கத் தொடங்கிய பிறகுதான் அடிப்பதற்கு வீட்டில் வேறு சுவர் இல்லாமல் போயிற்று.

வண்டி புறப்படுகிற அன்று நான் ஒரு முடிவோடு இருந்தேன். என் சிலேட்டைக் கொண்டுவந்து எல்லோருக்கும் நடுவில் மேஸ்திரியின் முன்னால் நீட்டினேன். "அந்த மாம்பழச்சாறு, கடலைப்பூதானே? நெசத்தைச் சொல்லுங்க" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். நான் நகரவில்லை. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "ஆமாஞ் சாமி. எங்கிட்ட இருந்த நெறமெல்லாம் காட்டித் தீர்ந்துபோச்சு. அம்மாவுக்கு நெறம் தெரியுதா, தெரியலையான்னு பாக்கத்தான் அப்படிப் பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்கம்மா."

வண்டிக்குள் இருந்த அவர் மனைவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"அதுல என்ன இருக்குது? எனக்கு எங்க நெறம் தெரியுது. நான் கண்ட கலரு அடுப்புக் கரிதான்" என்றாள்.

அப்பா அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார். மேஸ்திரியின் மனைவி பிள்ளையின் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்; சிரிக்கிறாள் என்று நினைத்தேன். வண்டி சாலையில் ஏறிப் போய்விட்டது.

எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. இரண்டு மாதமாக நான் தனி ஆளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அம்மாவே தன் வாயால் நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டாள். பாவம், அம்மாவுக்கு நிறம் தெரியாது. அதற்குப் பிறகு ஜவுளிக்காரன் மூட்டையோடு வரும்போதெல்லாம் அம்மாவின் சேலையை நானே எடுத்துக் கொடுப்பது என்று ஆயிற்று. அவள் கஷ்டப்பட வேண்டாம் என்றுதான். கல்யாணமாகிப் போன பிறகும் தீபாவளிக்குத் தீபாவளி எனக்குப் பிடித்ததாகப் பார்த்து வாங்கி அனுப்பினேன். இது வேண்டாம், வேறு பார் என்று அம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.